யாசீன் பாய் விற்ற தாத்தாக்கள்

‘சும்மா ஒரு டீ’ என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்ததிலிருந்தே மாஹிராவுக்குச் சந்தேகம். சும்மா டீ கொடுக்கிறவர்கள் ஆதார் நகல் கேட்க மாட்டார்கள்.

பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ‘லேக் எலிசியா’ என்ற அடுக்ககத்தில் ஒரு வீடு வாடகைக்கு இருந்தது. “லேக் எங்கே?” என்று மாஹிரா கேட்டதற்கு, மழைக்காலத்தில் அதுவே வரும் என்றார் புரோக்கர். ஏரியெல்லாம் அவளுக்கு வேண்டாம். வேண்டியது லிஃப்ட். பல்லாவரத்தில் அவளுடைய அத்தா யாசீன் பாய் தனியாகக் குடியிருந்த வீடு இரண்டாவது மாடியில். அந்தப் படிக்கட்டில் ஒருவர் ஏறினால், எதிரே இறங்குகிறவர் திரும்பிப் போய்த் தன் வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். பைபாஸ் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார்: படி ஏறக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது. அத்தா தினமும் தனியாகப் படி ஏறிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கனடாவிலிருந்தே சரி சொல்லிவிட்டார். ஆனால் லேக் எலிசியாவில் ஒரு வழக்கம். குடிவருகிற குடும்பத்தைச் சங்கத்தார் கிளப் ஹவுஸுக்கு டீக்குக் கூப்பிடுவார்கள். எதுவும் கேட்க மாட்டார்கள். சாதி கேட்பது தப்பு, மதம் கேட்பது அதைவிடத் தப்பு, சம்பளம் கேட்பது அநாகரிகம். ஆகவே டீ குடிப்பதைப் பார்ப்பார்கள். செருப்பை எங்கே விடுகிறார்கள், சோபாவின் நுனியில் உட்காருகிறார்களா சாய்ந்து உட்காருகிறார்களா, வெயிட்டரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். பிஸ்கட்டை டீயில் நனைத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது என்று புரோக்கர் ரகசியமாகச் சொல்லியிருந்தார்.

மாஹிராவும் அவள் கணவன் ஜமீரும் இதற்கு ஒரு தேர்வுக்குப் போல் தயாரானார்கள். ஏற்கனவே சேலையூரில் ஒரு வீடு, குரோம்பேட்டையில் ஒரு வீடு, இவர்கள் பெயரைச் சொன்ன நிமிஷத்தில் காலியில்லாமல் போயிருந்தன. எனவே ‘நாங்க எல்லாப் பண்டிகையும் கொண்டாடுவோம்’ என்ற வாக்கியத்தை ஜமீர் இயல்பாக வருகிறவரை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தான்.

“மாமாவும் வர்றாரா?” என்று கேட்டான், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

“அவருக்காகத்தானே மச்சான் வீடே.”

“வரட்டும், வரட்டும். கொஞ்சம் கம்மியா பேசினா நல்லது. யாராவது என்ன பண்றாருன்னு கேட்டா, ஆன்டிக்ஸ்னு நானே சொல்லிடுறேன்.”

“அத்தா வெள்ளிக்கிழமை சந்தையில பழைய சாமான் விக்கிறாரு.”

“அதத்தான் நானும் சொல்றேன். இங்கிலீஷ்ல.”

மாஹிரா அவனைப் பார்த்தாள். ஜமீர் ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். நல்லவன். அவன் வீட்டு ஷோகேஸில் பான்தான் என்கிற பித்தளை வெற்றிலைப் பெட்டி ஒன்று உண்டு. நவாப் ஒருவர் தன் குதிரைக்கு வைத்தியம் பார்த்த ஜமீரின் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்தது. வைத்தியர் கிளம்பும்போது குதிரையே அழுததாம். கல்யாணப் பேச்சுக்குப் போன அன்று அந்தப் பான்தானைத்தான் முதலில் காட்டினார்கள். அத்தா அதைக் கையில் வாங்கி, அடியில் திருப்பிப் பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்று மட்டும் சொல்லி, திரும்பக் கொடுத்தார். அதன்பிறகு ஜமீர் வீட்டாரிடம் அவர் அதிகம் பேசவில்லை.

அத்தாவின் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய சாமான் விற்கிறவர்கள் நிறையப் பேர். யாசீன் பாய் கடையில் மட்டும் சாமானோடு கதையும் உண்டு. ஜனங்கள் வெறும் நாற்காலி வாங்க மாட்டார்கள். யாருடைய நாற்காலி என்று கேட்பார்கள். கொத்தவால்சாவடி கோடவுனில் கிடந்தது என்றால் முகம் வாடிவிடும். ஜட்ஜ் வீட்டுது என்றால் மலரும். அத்தாவுக்கு வாடின முகம் பார்க்கப் பிடிக்காது. சின்ன வயதில் மாஹிரா ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தக் கதைகளைத்தான் கேட்டு வளர்ந்தாள். அத்தா அவளிடம் முதலில் சொல்லிப் பார்ப்பார். அவள் நம்பினால் வெள்ளிக்கிழமை கடைக்குப் போகும். விற்ற சாமானையும் கதையையும் பற்றி அப்புறம் வாயே திறக்க மாட்டார். “வித்தாச்சு, இனிமே அது அவங்க வூட்டு தாத்தா” என்பார்.

*

கிளப் ஹவுஸில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். செயலாளர் ஏசுதாசன், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். புன்னகையைக் கூட அளந்து வெளியிடுகிறவர். கலாசாரக் குழுத் தலைவி ஆஷா. காட்டன் புடவை, கறுப்பேறிய வெள்ளிச் சங்கிலி, கையில் போன்.

“முதல்ல ஒரு விஷயம் க்ளியர் பண்ணிடுறேன் மிஸ்டர் ஜமீர்,” என்றார் ஏசுதாசன். “இங்க ரிலிஜன் ஒரு இஷ்யூவே கிடையாது.”

“கிடையவே கிடையாது,” என்றார் ஆஷா.

“போன ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வாங்கி எல்லா பிளாக்குக்கும் கொடுத்தோம்.”

“பிரியாணி எனக்கு உயிர்,” என்றார் ஆஷா.

மாஹிராவின் சந்தேகம் கூடியது. பிரச்சினையே இல்லாத விஷயத்தை யாரும் இவ்வளவு நேரம் பேச மாட்டார்கள். ஜமீர் தன் பண்டிகை வாக்கியத்தைச் சொன்னான்; நன்றாக வந்தது. அத்தா வெள்ளைச் சட்டையில், சோபாவின் சரியான இடத்தில், நுனியுமில்லாமல் சாய்வுமில்லாமல் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தொடாமல் டீ குடித்தார்.

“சார் என்ன லைன்ல இருக்கீங்க?”

“ஆன்டிக்ஸ்,” என்றான் ஜமீர், அத்தா வாய் திறப்பதற்குள். “மெயினா எக்ஸ்போர்ட்.”

ஆஷா போனைக் கீழே வைத்தார். முதல்முறையாக அத்தாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“அப்படியா! அப்ப நீங்க இதப் பார்த்தே ஆகணும்,” என்று எழுந்தார் ஏசுதாசன். சுவரில் ஒரு பெரிய தேக்குக் கடிகாரம். அடியில் பித்தளைத் தகடு: ‘ஆஷா அவர்களின் முன்னோர் நினைவாக’. “இது எங்க எலிசியாவோட பெருமை. ஆஷா மேடம், நீங்களே சொல்லுங்களேன்.”

“இருக்கட்டும் சார், இன்னொரு நாள்.”

“சே, சே, எக்ஸ்பர்ட் வந்திருக்கார். சொல்லுங்க.”

ஆஷா சொன்னார். இஷ்டமில்லாமல் ஆரம்பித்தாலும், பழக்கம் காரணமாகச் சரளமாகவே வந்தது. கொள்ளுத்தாத்தாவுக்குப் பர்மாவில் தேக்கு வியாபாரம். ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்புகிறார். நடுக்கடலில் புயல். பாரத்தைக் குறைக்க எல்லாருடைய பெட்டியையும் தூக்கிப் போடச் சொல்கிறார் கப்பல்காரர். தாத்தா தன் பெட்டியைத் தானே கடலில் வீசிவிட்டு, இந்தக் கடிகாரத்தை மட்டும் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாஹிரா கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தப் புயல் அவளுடையது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, ‘வெறும் கப்பல் போரடிக்குது அத்தா, ஒரு புயல் வைங்க’ என்று சொன்னவளே அவள்தான். பெட்டியைத் தாத்தா தானே வீசுகிற இடம் மட்டும் அத்தாவுடையது. அந்தக் கதையோடு அந்தக் கடிகாரம் விலைபோகாமல் வெகுகாலம் கிடந்து, போன வருஷம்தான், மாஹிராவும் கடையில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கறுப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்ட ஒரு அம்மாவிடம் போனது.

இப்போது கண்ணாடியும் இல்லை, மாஸ்க்கும் இல்லை.

“சொல்லுங்க சார்,” என்று ஏசுதாசன் அத்தாவின் தோளைத் தொட்டார். “நிஜமா அந்தக் காலத்துதானா? உங்களுக்குப் பார்த்தாலே தெரியுமே.”

ஆஷாவின் விரல் சங்கிலியை முறுக்கியது. ஜமீர் தரையைப் பார்த்தான். அத்தா நிதானமாக எழுந்து போய், கடிகாரத்தின் மரத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“பெரிய குடும்பத்து சாமான் சார்,” என்றார். “இத மாதிரி என் கைக்கு வந்தா நான் விக்கவே மாட்டேன்.”

ஆஷா மூச்சு விட்டார். விட்ட மூச்சோடு, “உங்கள எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு,” என்றார்.

“நம்ம மூஞ்சி அப்டிம்மா. எல்லாருக்கும் எங்கியோ பாத்த மாதிரிதான் இருக்கும்.”

*

மறுநாள் ஜமீர் போனில் பேசி முடித்துவிட்டு வந்து, கல்யாணத்துக்கு நாள் குறித்தவன் மாதிரி சிரித்தான்.

“மதத்தால இல்லையாம் மாஹி!”

“எது?”

“வேண்டாம்னு சொன்னது. ரிலிஜன் இல்லவே இல்லன்னு ஏசுதாசன் சார் சத்தியம் பண்றாரு. மாமா சந்தையில தரையில கடை போடுறத ஆஷா மேடத்தோட ஃப்ரெண்ட் யாரோ பார்த்திருக்காங்களாம். பெரிய இடத்துப் பிள்ளைங்க விளையாடுற காம்பவுண்டு, கொஞ்சம் ஸ்டாண்டர்டு பார்க்க வேண்டியிருக்குன்னாரு. நாம ரெண்டு பேர் மட்டும்னா இன்னைக்கே சாவி.”

“மதம் பார்த்தா சண்டை போட்டிருப்பீங்க இல்ல?”

“பின்னே? கோர்ட்டுக்கே போயிருப்பேன்.”

“இதுக்கு?”

ஜமீர் யோசித்தான். இதற்குப் போவதற்கு எந்தக் கோர்ட்டும் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. “முதல்ல நாம போயிடுவோம்,” என்றான். “அப்புறம் மாமாவ மெதுவா கூட்டிட்டு வந்துடலாம். யாருக்கும் தெரியாம.”

“எப்படி? ஃபிரிட்ஜ் மாதிரி, துணி போட்டு மூடியா?”

அவன் முகத்தில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று மாஹிரா வெகுநேரம் பார்த்தாள். நிம்மதி என்றுதான் பட்டது. அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியோடு ‘மாமாவும் வர்றாரா’ என்று கேட்டானே, அந்தக் குரலை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஆஷாவின் ஃப்ரெண்ட் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஜமீருக்குள் ஒரு ஆஷா இருக்கிறாளா என்பதுதான் தெரியவில்லை.

“அந்தக் கடிகாரத்த எங்க வாங்கினாங்கன்னு ஒரு மெசேஜ் போட்டா போதும்,” என்று அத்தாவிடம் போனில் கத்தினாள்.

“போடாத,” என்றார் அத்தா.

“ஏன்? அவங்க உங்களச் சொல்லலாம், நாம சொல்லக் கூடாதா?”

“நான் விக்கிறவன் மா. அவங்க வாங்கினவங்க. வாங்கினவங்கள பேர் சொல்லி சந்திக்கு இஸ்தா அப்புறம் எவன் கடைக்கு வருவான்?”

*

வெள்ளிக்கிழமை ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று சொல்லிவிட்டு மாஹிரா சந்தைக்குப் போனாள். அத்தா பாரம் தூக்கக் கூடாது. தூக்குவார் என்ற சந்தேகம் அவளுக்கு. ஸ்டூலில் லேப்டாப்போடு உட்கார்ந்து, ஒரு கண்ணை மீட்டிங்கிலும் ஒரு கண்ணை அத்தாவிலும் வைத்திருந்தபோது, ஹெல்மெட் போட்ட ஒருவர் கடை முன்னால் வந்து நின்றார். வண்டியை எங்கோ விட்டுவிட்டு நடந்து வந்தவர் ஹெல்மெட்டை மட்டும் கழற்றவில்லை. கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். நின்றார், நகர்ந்தார், பக்கத்துக் கடையில் புறாக்கூண்டைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு மறுபடி வந்தார்.

பித்தளைச் சாமானில் கை வைக்கிற ஆள் என்று மாஹிராவுக்குத் தோன்றியது. “சார், ஹெல்மெட்ட கழட்டலாம். இங்க போலீஸ் பிடிக்க மாட்டாங்க,” என்றாள்.

“சும்மா இரும்மா,” என்றார் அத்தா தாழ்ந்த குரலில். “இப்டி வர்றவங்கதான் பெரிய இடம். நீ வா சார். இன்னா பாக்குற?”

“ஏதாவது… பழசா.” குரல் ஹெல்மெட்டுக்குள் சுற்றிவிட்டு வந்தது. “ஹால்ல வைக்கிற மாதிரி. பார்த்தா நாலு பேர் கேக்கணும்.”

“கேட்டா இன்னா சொல்லப் போற?”

“அதத்தான் உங்ககிட்ட…”

“நீங்க இன்னா ஆளுங்க சார்? தப்பா நினைக்காத. அதுக்குத் தகுந்த மாதிரி எடுக்கணும்.”

“கிறிஸ்டியன். தூத்துக்குடிப் பக்கம்.”

“அப்ப கீது, வா,” என்று அத்தா படுதாவை விலக்கினார். அடியில் ஒரு சின்னச் சாய்வு மேசை, மசிக்கறை படிந்த பலகை. “வெள்ளக்கார பாதிரியார் ஒருத்தரு. ஊருக்குத் திரும்பிப் போற அன்னிக்கி உங்க தாத்தாவ கூப்ட்டு அனுப்பறாரு.”

“எங்க தாத்தாவையா?”

“பின்ன என் தாத்தாவையா? இன்னா பேரு அவருக்கு?”

“ஞானமுத்து.”

“ஞானமுத்து, இந்த மேசையிலதான் நான் பைபிளு எழுதினேன், இனிமே இது உன்னுதுன்றாரு. தாத்தா இன்னா பண்ணிகினு இருந்தாரு சார்?”

“வண்டி… மாட்டு வண்டி ஓட்டினாரு.”

“யாரு வண்டி?”

“உப்பளத்து வண்டி. உப்பு ஏத்துறது.” அந்தக் குரல் முதல்முறையாக இயல்பாக வந்தது. “கால் பூரா புண்ணா இருக்கும். ராத்திரி எண்ணெய் போட்டுட்டுத்தான் தூங்குவாரு.”

அத்தா தலையை ஆட்டினார். “அத உன்னோட வெச்சுக்கோ. ஹாலுக்கு வர்றவங்களுக்கு அவரு பாதிரியாரு வண்டிய ஓட்டினாரு.”

ஹெல்மெட் மேசை மேல் குனிந்தது. உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை போலும். துடைத்துப் பார்த்தார், வெளிப்பக்கம். பிறகு வேறு வழியில்லாமல் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

ஏசுதாசன்.

மாஹிரா லேப்டாப்பை மூடினாள். அவர் அவளைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார், கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது.

“இந்தப் பக்கமா… ஒரு வேலையா வந்தேன்,” என்றார்.

“ஸ்டாண்டர்டு பார்க்கவா சார்?”

“மாஹி,” என்றார் அத்தா. “சாருக்கு ஒரு டீ சொல்லு. சும்மா ஒரு டீ.”

டீ வந்தது, கூடவே ரெண்டு பொறை பிஸ்கட். ஏசுதாசன் பிளாஸ்டிக் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். மாஹிரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை, யாரையும் கேட்காமல், பொறையை டீயில் நனைத்தது. நனைத்தபிறகுதான் அவரும் அதைப் பார்த்தார். பாதி டீயில் விழுந்துவிட்டது.

அத்தா எதையும் கவனிக்காதவர் போல் மேசையைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டினார். “பயப்படாதீங்க சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அத்தா அதை மனசாரச் சொன்னார். முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் ஏசுதாசன் முகம் போன போக்கைப் பார்த்த மாஹிராவுக்கு, அந்த வாக்கியம் இவ்வளவு பயங்கரமானது என்று அப்போதுதான் தெரிந்தது.

*

அன்று சாயங்காலமே, டீக்கு அழைத்த அதே வாட்ஸ்அப் குழுவில், ஏசுதாசனின் மெசேஜ் வந்தது. விண்ணப்பம் மறுபரிசீலனை செய்யப்பட்டது. மூத்த குடிமக்கள் எந்தச் சமூகத்துக்கும் சொத்து. மாமனார் அவர்களையும் அன்புடன் வரவேற்கிறோம். செயலாளர் ஏன் திடீரென்று மனம் மாறினார் என்று ஆஷா மேடத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கொஞ்சநேரம் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘டைப்பிங்’ என்று காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கூப்பிய கைகள் மட்டும் வந்தன.

“பார்த்தியா, நல்லவங்கதான்,” என்றான் ஜமீர். “நான் கொஞ்சம் பேசியிருந்தேன்.”

குடிவந்த அன்று அத்தா லிஃப்டில் மூன்று முறை சும்மாவே ஏறி இறங்கினார். லிஃப்ட் நின்ற மாடிகளிலெல்லாம் ஆட்கள் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டார். நாலாவது மாடியில் ஒரு அம்மா இவரைப் பார்த்ததும் தன் வீட்டு வாசலில் இருந்த வெண்கல உருளிக்கு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டார். அத்தா எல்லாருக்கும் முதல்முறை பார்ப்பவர் போலச் சலாம் வைத்தார். இவர்கள் ஒவ்வொருவரும் என்ன வாங்கியிருப்பார்கள் என்று மாஹிரா யோசித்துக்கொண்டே வந்தாள். வெறும் மரியாதைக்கு வணக்கம் வைத்தவர்களும் ஒன்றிரண்டு பேர் இருந்திருக்கலாம். இனிமேல் அவளால் பிரித்துப் பார்க்க முடியாது.

வீட்டுக்குள் ஜமீர் பான்தானைத் துடைத்து ஷெல்ஃபின் நடுவில் வைத்திருந்தான். எதிர்வீட்டிலிருந்து பால் கொண்டுவந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “…கொள்ளுத்தாத்தா கிளம்புறப்ப அந்தக் குதிரையே அழுததாம் சார்.”

மாஹிரா நின்றாள். எத்தனையோ முறை கேட்ட கதை. புயலைக் கேட்ட காதால் இன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறாள்.

“அத்தா,” என்றாள் மெல்ல. “அந்தப் பான்தான்…”

அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளை கதையை முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு பால்கனிப் பக்கம் திரும்பி, ஏரி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“குதிர அழுவறது மட்டும் புச்சு. அத நான் சொல்லல.”